தொண்டர் வேலையில் திறந்த மூல முறை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது நடக்குமா?

1. எழுவான்கரை (கல்லடி)

2024 நவம்பர் வெள்ளத்தின்போது எங்கள் இளைஞர் குழு உலர் உணவுப் பொதிகளுடன் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்திலுள்ள படுவான்கரைக்குப் போனது. கையில் மூன்று பட்டியல்கள் இருந்தன: கிராம சேவகரிடம் பெற்றது ஒன்று, எங்கள் குழுவிலிருந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணினியில் தொகுத்தது ஒன்று, அன்றிரவு வாட்ஸ்அப்பில் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது ஒன்று. ஒரு குடும்பம் ஒரு பட்டியலில் கணவன் பெயரிலும் இன்னொன்றில் மனைவி பெயரிலும் இருந்ததால் இரண்டு பொதி பெற்றது. மூன்றிலும் இல்லாத ஐந்து குடும்பங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று எங்கள் உழவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு என்ன பதில் சொன்னோம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

திரும்பி வந்து பட்டியலைத் திருத்துவோம் என்றால், அதைத் தொகுத்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். கோப்பு அவருடைய தனிப்பட்ட கூகுள் கணக்கில் இருந்தது; எங்களுக்குப் பார்க்க மட்டுமே அனுமதி. கேட்டால் தரக்கூடிய மனிதர்தான், ஆனால் அந்த வாரம் அவருடைய இலக்கம் வேலை செய்யவில்லை. ஆகவே நான்காவது பட்டியல் ஒன்றைத் தொடங்கினோம்.

நான் கணினிக் கடையொன்றில் வேலை செய்பவன். 1991 இல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் தொடங்கிய லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை, அதாவது நிரலை எவரும் பார்க்கும்படி திறந்துவைத்த மென்பொருளை, ஒருவரையொருவர் நேரில் காணாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். முகம் தெரியாதவர்கள் அவ்வளவு சிக்கலான ஒன்றைச் செய்து முடிக்கும்போது, ஒரே கோயில் வீதியில் வளர்ந்த பன்னிரண்டு பேரால் ஒரு பட்டியலை ஒழுங்காக வைத்திருக்க முடியாமற் போனது ஏன்? நிவாரணத்துக்கு மட்டுமன்றி, வீதி, குடிநீர், யானை வேலி என்று அரச அலுவலகங்களுக்கு நாங்கள் கொண்டுபோகும் கோரிக்கைகளுக்கும் அவர்களுடைய முறை பொருந்துமா? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

2. நிரல்காரன் (வந்தாறுமூலை)

தம்பி, ஒரு தவறான எண்ணத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். திறந்த மூலம் என்றால் எவரும் எதையும் மாற்றலாம் என்று பொருளல்ல. எவரும் பார்க்கலாம், எவரும் ஒரு பிரதியை எடுத்து வேலை செய்யலாம், எவரும் ஒரு திருத்தத்தை முன்மொழியலாம். ஆனால் அந்தத் திருத்தம் மூலப் பிரதிக்குள் போக வேண்டுமானால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் அதை வாசித்து ஏற்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கருவின் மூல நிரலோடு, எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோப்பு ஒன்றும் சேர்ந்தே வருகிறது. 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அதை எழுதியவரும் அதைக் கைமாற்றி மேலே அனுப்பியவர்களும் பெயரிட்டு ஒப்பமிடுகிறார்கள். 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற கருவியில், எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பது தானாகவே பதிவாகிறது; ஏன் மாற்றினார் என்பதை அவரே ஒரு குறிப்பாக எழுதவேண்டும். உங்கள் மூன்று பட்டியல்களிலும் பெயர்கள் இருந்தன. ஒரு பெயர் எப்படி உள்ளே வந்தது, ஏன் வெளியே போனது என்ற வரலாறுதான் இல்லை.

அடுத்தது, கட்டாருக்குப் போனவர். டெபியன் என்ற இயங்குதளம் 1993 முதல் தொண்டர்களால் நடத்தப்படுகிறது. அதிலுள்ள மென்பொருள் பொதிகளுக்குப் பராமரிப்பாளர்கள் உண்டு. திருமணம், வேலை, நோய், சலிப்பு என்று எந்தக் காரணத்தாலோ ஒருவரால் தொடர முடியாதபோது, தம் பொதி இனி அநாதை என்று அவரே அறிவிப்பதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. கைவிடப்பட்டவை, வேறொருவரை எதிர்பார்ப்பவை, எடுத்து வளர்க்க ஆள் முன்வந்தவை எல்லாம் ஒரே இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும். விலகுவது அங்கே வெட்கப்படும் காரியமல்ல. நம்மவர்களோ விலகுகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கூட்டத்துக்கு வருவதை மெல்ல நிறுத்தி, பிறகு சந்தையில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவரோடு சேர்ந்து கடவுச்சொல்லும் போய்விடும்.

இந்த முறை நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின், சில நாட்களுக்குள்ளேயே இலங்கையின் மென்பொருள் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து எழுதத் தொடங்கியதுதான் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு ஆகியவை அதன் பகுதிகள். மூல நிரல் திறந்திருந்ததால், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்கே கிடைத்தது. கிழக்குக் கரையின் அழிவிலிருந்து பிறந்த ஒரு கருவியைக் கிழக்கிலே பலர் கேள்விப்படாமல் இருப்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

3. களுதாவளையான்

இவ்வளவும் எதற்கு? வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் இருக்கிறோம். கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வருகிறது. புதிய கருவி என்றால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

4. மனுக்காரி (வாழைச்சேனை)

களுதாவளை அண்ணன், பதில் வரும்தான். ஆறு மாதம் கழித்து அதே பதிலைத் தேடிப் பாருங்கள். காலை வணக்கப் படங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவில் அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். ஆனால் கருவியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் கிட் என்ற பெயரை எவரும் அறியார். அந்த முறையை மட்டும் நாங்கள் தெரியாமலே கைக்கொண்டிருக்கிறோம் என்பது இந்த இழையை வாசித்தபோதுதான் விளங்கியது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் உள்வீதியைப் பற்றி நாங்கள் அனுப்பிய முதல் விண்ணப்பத்தில், வீதி ஏன் இன்னும் திருத்தப்படவில்லை என்று கேட்டிருந்தோம். அவ்வாறான விளக்கம் எம்மிடம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கோபப்பட்டோம்; பிறகு விடயமறிந்த ஒருவர் விளக்கினார். சட்டம் நமக்குத் தருவது அலுவலகத்தின் கையிலுள்ள ஆவணத்தைப் பெறும் உரிமையை. அதிகாரியின் மனத்தில் இருப்பதை அறியும் உரிமையை அல்ல. ஆகவே இரண்டாவது கடிதத்தில் 'ஏன்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தத்தின் பிரதி, செலுத்தப்பட்ட கொடுப்பனவுகளின் விபரம் ஆகியவற்றைத் திகதி வரம்பு குறிப்பிட்டுக் கேட்டோம். அவை கிடைத்தன.

அந்த இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் குத்தி வைத்து, முதலாவதன் ஓரத்தில் "இதனால் பதில் கிடைக்கவில்லை, காரணம் இது" என்று எழுதி வைத்தோம். பின்னர் ஏறாவூரில் வடிகான் பிரச்சினையோடு நின்ற ஒரு குழுவினர் அந்தக் கடிதக் கோவையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். திருப்பித் தந்தபோது அதில் புதிய வரியொன்று இருந்தது: "கோரப்படும் ஆவணம் உங்களிடம் இல்லையாயின், இல்லை என்பதை எழுத்து மூலம் உறுதிப்படுத்துக." நாங்கள் யோசித்திராத வரி. இல்லை என்ற பதிலும் ஒரு சான்றுதான், பிரதேச சபைக் கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டலாம். இன்று எங்கள் கோவையில் அந்த வரி நிரந்தரமாக இருக்கிறது, அதன் அருகே அது ஏறாவூரிலிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கிறது.

கோவையின் முன்னட்டையில் நாட்கணக்கை ஒட்டியிருக்கிறோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தகவலைத் தருவதற்கு, தேவைப்பட்டால் இன்னும் 21 நாட்கள் எடுக்கலாம். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தக் கணக்கைத் தவறவிட்டு ஒரு நல்ல வழக்கை இழந்தோம். அந்தத் தவறும் கோவையில் பதிவாகியிருக்கிறது, யாரால் என்ற பெயர் மட்டும் இல்லை. அது நான்.

5. பழைய களப்பணியாளர் (கல்முனை)

மனுக்காரித் தங்கச்சியின் கோவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடிதம் வேறு, குடும்பப் பட்டியல் வேறு. இங்கே இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால் குறுக்கிடுகிறேன்.

2005 இல் நான் கல்முனைப் பகுதி முகாம்களில் வேலை செய்தேன். இலங்கையில் கடற்கோளால் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நிறுவனம் ஒரு புதிய படிவத்தோடு வரும். ஒரே தாய் தன் இறந்த பிள்ளைகளின் பெயர்களை ஐந்து தடவை, ஆறு தடவை சொல்லுவாள். எல்லோரும் ஒரே பதிவைப் பகிர்ந்திருந்தால் அந்தக் கொடுமை நடந்திராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இங்கே வாழ்ந்தவர்களுக்குப் பட்டியல் என்ற சொல்லே வேறொரு அச்சத்தையும் தரும். யுத்த காலத்தில் உங்கள் வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எங்கே தங்குகிறார்கள் என்று எழுதிப்போன தாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாமல் தூங்காத இரவுகள் பலருக்கு உண்டு. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் பட்டியல் இன்றும் எவர் கையிலும் அகப்படக்கூடிய பொருளல்ல; நுண்கடன்காரர் கையில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று வாகரையில் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே திறக்க வேண்டியது முறையை. மூட வேண்டியது பெயர்களை. எந்த அடிப்படையில் குடும்பங்களைத் தெரிவு செய்தோம், எத்தனை பொதி வந்தது, எத்தனை போனது, யார் சரிபார்த்தார், முறைப்பாடு எங்கே செய்யலாம் என்பன மதிலில் ஒட்டப்படட்டும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்றும் நாட்டில் இருக்கிறது.

ஹெய்ட்டியைக் குறிப்பிட்டீர்கள். 2010 இல் அங்கே நிலநடுக்கம் வந்தபோது, எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான திறந்த தெரு வரைபடத்தில் (OpenStreetMap) உலகெங்குமிருந்த தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்துச் சில வாரங்களில் தலைநகரின் வீதிகளை வரைந்து முடித்தார்கள். பின்னாளில் அதன் மனிதாபிமான வரைபடக் குழுவினர் கைக்கொண்ட வேலை முறையில், நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்தை ஒருவர் வரைவார், இன்னொருவர் சரிபார்ப்பார். அது சிறப்பாக நடந்ததற்கு ஒரு காரணம், வீதியைக் காட்டுவதால் பெரும்பாலும் எவருக்கும் தீங்கு இல்லை என்பது. எங்கள் வேலையில் பாதி வீதி போன்றது, பாதி அப்படியல்ல. எந்தப் பாதி எது என்று தீர்மானிக்காமல் திறந்துவிடாதீர்கள்.

6. வட்டைக்காரன் (சம்மாந்துறை)

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், இப்போது வேளாண்மை. பராமரிப்பாளர் என்று நீங்கள் சொல்லும் ஆளை எனக்குச் சிறு வயது முதல் தெரியும். எங்கள் பக்கத்தில் அவருக்கு வட்டைவிதானை என்று பெயர்.

வட்டைக்குள், அதாவது ஒரு வயல்வெளிக்குள், காணியுள்ளவர்கள் கூடி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யாருக்கு எந்த முறை என்று பார்ப்பதும், வேலி அடைக்கப்பட்டதா, மாடு இறங்கியதா என்று பார்ப்பதும் அவர் வேலை. சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் தண்ணீர் பல ஊர்களின், பல சமூகங்களின் வயல்களைத் தாண்டியே கடைமடைக்குப் போகிறது. வாய்க்கால் கரையில் எவரும் நடக்கலாம், எவரும் பார்க்கலாம், எவரும் கேள்வி கேட்கலாம். ஆனால் மதகை எவரும் தம் எண்ணப்படி திறக்க முடியாது. இரவில் ஒருவர் திறந்தால் காலையில் கடைமடை காய்ந்து கிடப்பது அதைச் சொல்லிவிடும். நிரல்காரன் தம்பி சொன்ன முறை முழுவதும் இதற்குள் அடங்குகிறது என்று சொல்ல வரவில்லை, ஆயினும் எங்கள் ஆட்களுக்கு விளக்குவதானால் ஹெல்சிங்கியிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள். வட்டைவிதானைக்கு அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் உண்டு. உங்கள் பராமரிப்பாளருக்கு என்ன உண்டு?

கருவி பற்றியும் ஒரு வார்த்தை. படுவான்கரையிலும் எங்கள் மேற்குப் பக்கத்திலும் சிக்னல் மரத்தில் ஏறினால்தான் கிடைக்கும். சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி, ஒன்று வாங்குங்கள். பக்கங்களுக்கு இலக்கம் இடுங்கள். ஒன்றையும் வெள்ளை மை பூசி அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் காரணமும் கையொப்பமும் திகதியும் எழுத வேண்டும். பாடசாலை வரவுப் பதிவேட்டை அப்படித்தான் வைத்திருந்தோம். அதிபர் திருத்தினாலும் அதே விதி.

7. நிரல்காரன் (வந்தாறுமூலை)

சேர், கொப்பி விதி அப்படியே கிட் செய்யும் வேலை. நெல்லைப் பற்றிய கேள்விதான் என் துறையின் மிகப் பெரிய வெட்கம்.

2014 இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இணையத்தின் பெரும்பகுதி தன் இரகசியங்களைக் காக்க நம்பியிருந்த அந்த மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கிடைத்த நன்கொடை அற்பம். 2024 இல் நடந்தது அதைவிடப் பாடமானது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவியை நெடுங்காலம் தனியாகப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவரிடம், உதவி செய்யும் தொண்டராக ஒரு முகமூடி ஆள் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் பெற்று, இறுதியில் கள்ளக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். ஒரு பொறியியலாளர் தம் கணினி அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்துத் தேடியதால் அது பிடிபட்டது. நிரல் திறந்திருந்ததால் அவரால் தேட முடிந்தது. ஆனால் கதவு உள்ளே வந்ததற்குக் காரணம் ஒரு மனிதரின் களைப்பு.

எனவே உங்கள் குழுவில் பட்டியலை வைத்திருப்பவருக்கு நெல் கொடுக்க முடியாவிட்டால் காலவரையறையாவது கொடுங்கள். ஆறு மாதம், ஒரு மாரி, அவ்வளவுதான். மாரி முடியும்போது அடுத்தவரிடம் கொப்பியை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கட்டும்.

8. பழைய களப்பணியாளர் (கல்முனை)

களைப்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி. இன்னொரு விடயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. நீங்கள் அதை இன்னும் எழுதவில்லை, ஆனால் எழுதுவீர்கள் என்று தெரியும். திறந்த மூலத்தில் தலைமையோடு கருத்து வேறுபட்டால் பிரதியை எடுத்துக்கொண்டு தனியே பிரியலாம், அந்த உரிமை இருப்பதாலேயே தலைமை ஒழுங்காக நடக்கும் என்பார்கள். மென்பொருளைப் பிரதி எடுத்தால் மூலம் குறைவதில்லை. ஒரு ஊரிலுள்ள நாற்பது குடும்பங்களைப் பிரதி எடுக்க முடியாது. இரண்டு குழுக்கள் ஒரே குடும்பங்களை இழுக்கும்போது பொதி இரண்டாகும், முரண்பாடும் இரண்டாகும். கோயில் நிருவாகசபை பிரிந்து, விளையாட்டுக் கழகம் பிரிந்து, மரணாதாரச் சங்கமும் பிரிந்த ஊர்களை நமக்குத் தெரியும். ஆகவே கடிதமும் படிவமும் பிரியட்டும், எவரும் எடுத்துப்போகட்டும். குடும்பங்களிடம் போகும் கதவு ஒன்றாகவே இருக்கட்டும்.

பெயர்ப்பலகையையும் சொல்லவேண்டும். கடற்கோளுக்குப் பின் ஒரு கிணற்றுக்கு மூன்று பலகைகளைக் கண்டிருக்கிறேன்: தோண்டியவர், கட்டியவர், வர்ணம் பூசியவர். தண்ணீர் உப்பு. அதைச் சொல்லும் பலகை எதுவும் இல்லை.

9. நிரல்காரன் (வந்தாறுமூலை)

அக்கா, பிரிவது பற்றி நீங்கள் சொன்னது சரி. என் பதிலை விழுங்கிக்கொள்கிறேன். உப்புத் தண்ணீருக்கு மட்டும் ஒன்று. டெபியனின் 1997 ஆம் ஆண்டுச் சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்பது ஒரு வாசகம். அவர்களுடைய வழுப் பட்டியலை, அதாவது மென்பொருளிலுள்ள பிழைகளின் பட்டியலை, உலகில் எவரும் திறந்து பார்க்கலாம். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அப்படியொரு பக்கத்தைச் சேர்க்க எந்த நிறுவனமாவது துணியுமானால் நான் இலவசமாகத் தட்டச்சு செய்து கொடுப்பேன்.

10. எழுவான்கரை (கல்லடி)

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு கூடியது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வந்தார்கள். சீ.ஆர். கொப்பி வாங்கியாயிற்று, சேர் சொன்ன கோட்டு விதியை முதற் பக்கத்தில் எழுதியாயிற்று. பெயர்கள் அந்தக் கொப்பியில் மட்டும், அதுவும் இரண்டு பேரின் பொறுப்பில். தெரிவு முறையும் மொத்தக் கணக்கும் வாசிகசாலை மதிலில். ஒரு மாரிக்கு ஒருவர் என்பதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. இப்போது பொறுப்பிலுள்ளவர் தம்மை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார். அது இன்னும் தீரவில்லை.

கட்டாரிலிருந்து நண்பர் அழைத்தார். இலக்கம் மாறியிருந்ததாம். கோப்பை முழு அனுமதியோடு அனுப்பிவிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்ற ஐந்து குடும்பங்களைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் முதலில் அவருடைய பட்டியலில் இருந்திருக்கிறார்கள். வீடு திருத்தும் வரை செங்கலடியில் உறவினர் வீடுகளில் தங்கப் போனதால், இரட்டிப்பு வரக்கூடாது என்று கவனமாக நீக்கியிருக்கிறார். சில மாதங்களில் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஏன் நீக்கினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் மச்சான் என்றார்.

அந்த ஐந்து பெயர்களையும் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டோம், காரணத்தோடு.

11. வட்டைக்காரன் (சம்மாந்துறை)

முதற் பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், மகன். பெயர்ப் பக்கம் வேண்டாம். எங்கள் விவசாய அமைப்புக்கும் அப்படி ஒன்று தேவை. யானை வேலிக் கடிதத்துக்கு மனுக்காரி மகளின் கோவையையும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாழைச்சேனைப் பக்கம் வருகிறேன், நேரில் வாங்கிக்கொள்ளலாமா?

12. மனுக்காரி (வாழைச்சேனை)

வாருங்கள் சேர். பிரதி எடுத்து வைக்கிறேன். புதிய வரி ஏதும் சேர்த்தால் ஓரத்தில் ஊரின் பெயரை எழுதித் திருப்பித் தாருங்கள்.